அப்பாவின் கேமரா: உறையை முதலில் கழற்றுங்கள்

கேள்வி:

ஐயா, என் அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். 1976-ல் மாமா சிங்கப்பூரிலிருந்து ‘சிதம்பரம்’ கப்பலில் வந்தபோது அப்பாவுக்காக ஒரு யாஷிகா எலக்ட்ரோ 35 கேமரா வாங்கி வந்தார். எங்கள் காதுகுத்து, சமயபுரத்து மொட்டை, தம்பியின் முதல் சைக்கிள், என் கல்யாணம் என்று எல்லாமே அதில் எடுத்ததுதான். அப்பாவைத் தவிர யாரும் அதைத் தொட முடியாது. ஆயுத பூஜைக்கு டூல்ஸோடு அதற்கும் சந்தனம், குங்குமம் வைப்பார். 2004 வாக்கில் தம்பி டிஜிட்டல் கேமரா வாங்கித் தந்தபிறகு இது பீரோவுக்குள் போய்விட்டது.

அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் எடுத்துப் பார்த்தால் எண் காட்டும் சின்ன ஜன்னலில் 31 என்று நிற்கிறது. உள்ளே பிலிம் ரோல் இருக்கிறது போல. பக்கத்துக் கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, “உள்ளே எல்லாம் பங்கஸ், பேட்டரியும் இனிமேல் கிடைக்காது, ஷோகேஸில் வையுங்கள்” என்றார். துபாயில் இருக்கும் தம்பி, தன் வீட்டு ஹாலில் வைக்க வேண்டும் என்று கேட்கிறான். காலேஜ் படிக்கும் என் மகன் அதில் படம் எடுக்க ஆசைப்படுகிறான். எனக்கு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. அந்தத் தோல் உறையைத் திறந்தால் அப்பாவின் வாசம் வருகிறது. ரிப்பேருக்குக் கொடுத்தால் அது போய்விடுமோ என்று பயம். ஒரு பொருள்மேல் இவ்வளவு பற்று வைப்பது தப்பா? நான்கு படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி)

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். இடது பக்கம் மேலே ஒரு சின்ன மடக்குக் கைப்பிடியோடு உருண்டையாக ஒரு குமிழ் இருக்கிறதே, பிலிமைத் திருப்பிச் சுற்றுவதற்கு, அதை யாரும் மேலே இழுக்கக்கூடாது. இந்தக் கேமராவில் அதை இழுத்தால் பின்கதவு திறந்துகொள்ளும். ஒரு நொடி வெளிச்சம் பட்டால்கூட வெளியே தெரிகிற பிலிம் எல்லாம் போச்சு. நான் கேமரா மெக்கானிக் வேலை கற்றுக்கொண்ட நாட்களில் ஒரு பெரியவரின் கேமராவில் ரோல் இருப்பது தெரியாமல் இப்படித்தான் திறந்துவிட்டேன். அது அவருடைய பேத்திக்குப் பேர் வைத்த அன்று எடுத்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, கேமராவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றைக்கும் எந்தப் பழைய கேமரா மேசைக்கு வந்தாலும் முதலில் அந்தக் குமிழைத்தான் விரலால் லேசாகச் சுற்றிப் பார்க்கிறேன். அம்புக்குறி காட்டும் பக்கமாக மெதுவாகச் சுற்றும்போது கொஞ்சம் சுற்றி ‘பிடித்தால்’ உள்ளே ரோல் இருக்கிறது என்று அர்த்தம். பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் இல்லை. நீங்களும் அப்படிப் பாருங்கள். ஆனால் பின்கதவைத் திறந்தால் அந்த எண் பழையபடி தொடக்கத்துக்குப் போய்விடும், உங்களுடையதில் 31-ல் நிற்கிறது என்பதால் ரோல் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இருந்தால், மிச்சம் ஐந்து படத்தை எடுத்து முடித்துவிடலாமே என்று மகன் கேட்பான். வேண்டாம். வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் ஷட்டர் இருபது வருடம் அசையாமல் கிடக்கிறது, அதை நம்பி அந்த ரோலில் கைவைக்க வேண்டாம். கேமராவின் அடியில் ஒரு சின்ன பொத்தான் இருக்கும், அதை அழுத்திவிட்டு, குமிழின் கைப்பிடியை மட்டும் விரித்து அம்புக்குறிப்படி மெதுவாகச் சுற்றுங்கள். பழைய பிலிம் விறைத்துப் போயிருக்கும், வேகமாகச் சுற்றினால் கிழியும். கடைசியில் ஒரு இழுப்பு இழுத்து, சட்டென்று லேசாகும். அப்புறமும் பத்துச் சுற்று சுற்றிவிட்டு, ராத்திரியில் விளக்கு மங்கலான அறையில் திறந்து எடுங்கள். நடுவில் எங்காவது இறுகி நின்றால் அதோடு விட்டுவிடுங்கள். பலம் காட்டக்கூடாது. எங்களிடம் கையை மட்டும் உள்ளே விடுகிற கறுப்புப் பை இருக்கிறது, அதற்குள் வைத்துத் திறந்து எடுத்துவிடலாம்.

ரோல் வெளியே வந்ததும் டப்பாவில் போட்டு, அதன்மேல் எழுதியிருக்கும் பெயரையும் நம்பரையும் குறித்துக்கொண்டு, பிலிம் கழுவும், அதாவது டெவலப் செய்யும் லேபுக்கு அனுப்பிவிடுங்கள். சென்னையிலும் பெரிய நகரங்களிலும் இன்னும் கழுவுகிறார்கள், கூரியரில் வாங்கிக்கொள்கிறார்கள். 2004 என்றால் கலர் ரோலாகத்தான் இருக்கும். நம் ஊர் பீரோ வெயில் காலத்தில் எப்படிச் சுடும் என்று உங்களுக்கே தெரியும், அந்தச் சூட்டில் இருபது வருடம் கிடந்த கலர் ரோலைக் கலராகவே கழுவினால் நிறம் எல்லாம் குழம்பி, புகைமூட்டமாகத்தான் பெரும்பாலும் வருகிறது. அதையே கறுப்பு-வெள்ளை மருந்தில் கழுவினால் உருவங்கள் கிடைக்க வாய்ப்பு அதிகம். கலர் போய்விடும், திரும்ப வராது. என்னைக் கேட்டால் முகம் தெரிவதுதான் முக்கியம், புடவையின் நிறத்தை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் கழுவுகிறவரிடம் முழுக் கதையையும் சொல்லி, அவர் ரோலைப் பார்த்து என்ன சொல்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுமே வராமலும் போகலாம். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ரோலை எடுக்காமல் கேமராவைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். விமான நிலைய ஸ்கேனர்கள், அதுவும் இப்போது வந்திருக்கும் புது வகை ஸ்கேனர்கள், கழுவாத பிலிமைக் கெடுத்துவிடும்.

சரி, இப்போது கேமராவுக்கு வருகிறேன்.

எலக்ட்ரோ 35 வகை 1966-ல் ஜப்பானில் வந்தது. உங்கள் படத்தில் தெரிவது ஜி.எஸ்.என். என்ற மாடல், அது 1973-ல் வந்தது. 45 மி.மீ., 1.7 லென்ஸ், நல்ல லென்ஸ். மேலே இரண்டு சின்ன விளக்குகள் இருக்கும். பொத்தானைப் பாதி அழுத்தும்போது மஞ்சள் எரிந்தால் வெளிச்சம் குறைவு, ஷட்டர் மெதுவாக ஓடும், ஆடக்கூடாது என்று அர்த்தம். சிவப்பு எரிந்தால் வெளிச்சம் அதிகம், லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருப்ப வேண்டும். உங்கள் வீட்டிலும் சின்ன வயதில் “மஞ்ச லைட்டு எரியுது, யாரும் அசையாதீங்க” என்ற குரல் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இந்தக் கேமரா இருந்த எத்தனையோ வீடுகளில் அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கடைக்காரர் சொன்னதில் இரண்டு விஷயம். ஒன்று, பங்கஸ், அதாவது பூஞ்சை. அவர் கண்ணில் வைத்துப் பார்த்தார் என்கிறீர்கள். இந்த வகைக் கேமராவில் நாம் கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல் வேறு, படம் விழும் லென்ஸ் வேறு. ஜன்னலில் தெரிகிற மங்கலும் புள்ளிகளும் படத்தில் வரவே வராது. லென்ஸில் பங்கஸ் இருக்கிறதா என்று தெரிய, இருட்டில் செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்து முன்பக்கமாகப் பார்க்க வேண்டும். சிலந்தி நூல் மாதிரி, மரத்தின் கிளை மாதிரி பரவியிருந்தால் அது பங்கஸ். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், லென்ஸின் ஓரத்தில் லேசாக ஏதோ இருக்கிற மாதிரி தெரிகிறது, நடுவில் சுத்தமாக இருக்கிறது. ஓரத்துப் பங்கஸைக் கழற்றித் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். ரொம்ப நாள் விட்டால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடிமேல் இருக்கும் பூச்சை அரித்துத் தழும்பாக்கிவிடும், அப்புறம் துடைத்தாலும் போகாது.

இரண்டாவது, பேட்டரி. இதற்கென்று இருந்தது 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. பாதரசம் என்பதால் அதை நிறுத்திவிட்டார்கள், அதுவரை அவர் சொன்னது சரி. ஆனால் 6 வோல்ட் சின்ன பேட்டரி ஒன்று இப்போதும் கிடைக்கிறது, 4எல்.ஆர்.44 என்று கேளுங்கள். அது நீளம் குறைவு. அதனால் மீதி இடத்துக்கு ஒரு ஸ்பிரிங்கோ பித்தளைத் துண்டோ வைத்தால் இந்தக் கேமரா சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும், நான் எத்தனையோ கேமராவுக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். பேட்டரி இல்லாவிட்டால் இதன் ஷட்டர் ஒரே வேகத்தில், ஐந்நூறில் ஒரு பங்கு நொடியில் மட்டும்தான் அடிக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘எலக்ட்ரானிக் போர்டு போச்சு’ என்று சொல்லித் தூக்கிப் போட்ட நல்ல கேமராக்களை நினைத்தால் வயிறு எரிகிறது. அடியில் இருக்கும் மூடியை ஒரு ரூபாய் நாணயத்தால் திருகி, பழைய பேட்டரி இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள், பிலிமுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பாதரச பேட்டரியாக இருந்தால் உடைக்கவோ குப்பையோடு போடவோ வேண்டாம், மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவில் வைத்து, எலக்ட்ரானிக் கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள்.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட கேள்வி. அந்தத் தோல் உறை.

சகோதரி, சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லியாக வேண்டும். அப்பாவின் வாசத்தைப் பிடித்து வைத்திருப்பது எதுவோ அதுதான் கேமராவைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். வியர்வை, தலை எண்ணெய், மழைக்கால ஈரம், எல்லாவற்றையும் இழுத்து வைத்துக்கொண்டு, காற்றே போகாத பீரோவுக்குள் லென்ஸோடு வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்தால் பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறேன் என்று பலர் சொல்வார்கள். அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டும், ஈரத்தை உறிஞ்சாது. கேமராவைச் சீரழித்தவர்கள் அதை அலட்சியமாகப் போட்டவர்கள்தான் என்று நீங்கள் நினைக்கலாம். என் மேசைக்கு வருவதில் மோசமாகக் கெட்டுப்போனவை முக்கால்வாசி, ரொம்பப் பத்திரமாக, உறைக்குள் போட்டு, அதன்மேல் துணி சுற்றி, பீரோவின் உள்ளறையில் பூட்டி வைத்தவை.

அதனால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். உறை உங்களிடம் இருக்கட்டும், பழைய பருத்தித் துணிப் பையில், உங்கள் புடவைகளோடு. அதற்கு எண்ணெய், பாலிஷ் எதுவும் போட வேண்டாம். கேமராவை மட்டும் நன்றாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்குங்கள், நிறம் மாறியதும் புதிது போடுங்கள். கூடவே ஈரம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை உள்ளே போட்டு, 40 முதல் 50 சதவிகிதத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும். நூறு நாள் பூட்டி வைப்பதைவிட மாதம் ஒரு தடவை எடுத்து, வளையங்களைத் திருப்பி, நாலு தடவை ‘கிளிக்’ பண்ணுவது கேமராவுக்கு நல்லது. உள்ளே போட்ட கிரீஸ் அசையாமல் கிடந்தால் இறுகிப் பசையாகிவிடும்.

ரிப்பேர் செய்தால் அப்பா போய்விடுவாரோ என்ற பயம் எனக்குப் புரிகிறது, ஏனென்றால் அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். ஒரு வீட்டிலிருந்து அவர்கள் தாத்தாவின் கேமரா வந்தது. உள்ளே வேலை முடித்துவிட்டு, நல்லது செய்கிறோம் என்று நினைத்து, உரிந்திருந்த பழைய தோலை எடுத்துவிட்டுப் புதுத்தோல் ஒட்டி, தேய்த்துப் பளபளவென்று கொடுத்தேன். பாட்டி அதைக் கையில் வாங்கி, வலது பக்க மூலையைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். அங்கே தாத்தாவின் விரல் பட்டுப் பட்டுத் தோல் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்ததாம். “இது அவரோடது இல்லையே” என்றார். பழைய தோல் குப்பைக்குப் போயிருந்தது. அதிலிருந்து வெளிப்புறத்தில் எதையும் கேட்காமல் தொடுவதில்லை, கழற்றிய ஒரு திருகாணியைக்கூட கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: உள்ளே வேலை பாருங்கள், வெளியே துடைக்கக்கூட வேண்டாம்.

ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் படங்களில் நான் பார்த்தது இது. அடித்தகட்டில் ஆணியால் கீறிய மூன்று எழுத்து. நம் வீடுகளில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுவோம் இல்லையா, ஒர்க்‌ஷாப்காரர்கள் டிபன் பாக்ஸிலும் ஸ்பேனரிலும் கீறுவார்கள் இல்லையா, அந்தக் கை. வார் மாட்டும் வளையத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எவ்வளவு ஒழுங்காகச் சுற்றியிருக்கிறார் என்று பாருங்கள், நுனியைக்கூட உள்ளே மடக்கி விட்டிருக்கிறார். பின்பக்கம் மூக்குப் படும் இடத்தில் தோல் மினுமினுக்கிறது. அப்புறம் பிளாஷ் மாட்டும் இடத்தின் இடுக்கில் சிவப்பாக ஒரு பொடி. முதலில் துரு என்று நினைத்தேன். நீங்கள் எழுதியதைப் படித்தபிறகுதான் தெரிந்தது, ஆயுத பூஜைக் குங்குமம். அது எந்த அசையும் பாகத்திலும் இல்லை, அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, அப்படியே இருக்கட்டும். இனிமேல் பொட்டு வைப்பதானால் மட்டும் உறையின்மேல் வையுங்கள், சந்தனம் காய்ந்து உதிர்ந்தால் வளையங்களுக்குள் போய்விடும்.

பற்று தப்பா என்று கேட்டிருந்தீர்கள். நான் மனநல மருத்துவன் இல்லை, கேமரா மெக்கானிக். ஆனால் செத்துப்போனவர்களின் கேமராவை எடுத்துக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். உங்கள் வயதில், உங்களைப் போலவே உறையை மூக்கருகே கொண்டுபோகிறவர்கள் நிறைய. அதில் ஒரு தப்பும் இல்லை. தொடவே பயமாகி, யாரும் பார்க்கவும் கூடாது என்று ஆகும்போதுதான், அந்தப் பொருளுக்கும் அது கெடுதல், வீட்டிலும் மனக்கசப்பு வருகிறது. உங்கள் கடிதத்தில் அந்தப் பயம் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது, அதனால் சொன்னேன்.

யாருக்கு என்பதில் என் கருத்து நேரானது. கேமராவை ஓட்டுகிறவரிடம் இருக்கட்டும், அதாவது உங்கள் மகனிடம். ஒரு ரோல் இன்றைக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேலே, கழுவும் செலவு தனி, அதனால் அவனும் தாத்தா மாதிரியே யோசித்து யோசித்துத்தான் பொத்தானை அழுத்துவான். தம்பியின் ஷோகேஸில் அது அழகாக இருக்கும்தான், ஆனால் விளக்கு வெளிச்சத்திலும் தூசியிலும் நிற்கும் கேமரா நாலு வருடத்தில் இறுகிவிடும். அதற்காகத் தம்பிக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை. அவருக்குக் கொடுக்க இதைவிடப் பெரியது உங்கள் வீட்டில் இருக்கிறது, நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நெகட்டிவ்.

கேமராவுக்கு மாற்று உண்டு, இதே மாடல் இன்னொன்று தேடினால் கிடைக்கும். காதுகுத்து அன்று லென்ஸ் வழியாக வந்த வெளிச்சம் பட்ட அந்தத் துண்டு பிலிம் உலகத்தில் ஒன்றுதான். பழைய ஆல்பத்தின் பின்னால், எல்.ஐ.சி. பத்திரங்களோடு, ஸ்டுடியோ கவர்களில் எங்காவது கிடக்கும், இந்த வாரமே தேடுங்கள். எழுபதுகளில் எடுத்தது பெரும்பாலும் கறுப்பு-வெள்ளையாக இருக்கும், ஊட்டியில் நம் அரசு நிறுவனமாக இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-லிருந்து ‘இந்து’ என்ற பெயரில் தயாரித்த பிலிமாகக்கூட இருக்கலாம், விளிம்பில் எழுதியிருக்கும், பாருங்கள். கறுப்பு-வெள்ளையில் உருவத்தைத் தாங்குவது வெள்ளி, அது நீடிக்கும். கலர் நெகட்டிவில் இருப்பது சாயம், அது வெளுத்துக்கொண்டே இருக்கும், அதனால் உங்கள் கல்யாண நெகட்டிவ்களைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். கவரைத் திறந்ததும் வினிகர் மாதிரி புளிப்பு வாடை அடித்தால் அந்த பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தனியாக எடுத்து வைத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்கேன் செய்யுங்கள், மற்றதோடு கலக்க வேண்டாம். பிளாஸ்டிக் கவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். தம்பிக்கும் ஒரு முழுப் பிரதி, உங்களுக்கு ஒன்று. அவர் ஊருக்கு வரும்போது இரண்டு பேரும் அம்மாவோடு உட்கார்ந்து, யார், எந்த வருடம், எந்த ஊர் என்று எழுதி வையுங்கள். அம்மாவுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.

கடைசியாக ஒன்று. ரோல் வெளியே வந்தபிறகு, அதற்கு முன்னால் வேண்டாம், பிலிமை நகர்த்தும் வலது பக்க லீவரை முழுதாகத் தள்ளிப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் எலக்ட்ரோவில் லீவர் முடியும் இடத்தில் உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். உள்ளே ஒரு சின்ன ரப்பர் துண்டு இருக்கிறது, அது கரைந்து போயிருந்தால் அந்தச் சத்தம் வராது, விளக்கும் வேகமும் தாறுமாறாகும். மேல் தகட்டைக் கழற்றி ரப்பரை மாற்றினால் சரியாகிவிடும், தெரிந்த மெக்கானிக்குக் கஷ்டமான வேலை இல்லை. தள்ளும்போது அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட முப்பது வருடம் ஒவ்வொரு படத்துக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டவர் அவர், சரியாக இருக்கிறதா என்று உங்களைவிட, என்னைவிட அவருக்குத்தான் தெரியும். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.